துளும்பாத டீ

"இப்ப இருக்கிற மவுண்டிங்குக்கு என்ன கொறச்சல் சாரே?" என்று கேட்டான் மெக்கானிக் ராபின்சன்.

"கொறச்சல் ஒண்ணும் இல்லண்ணே. இத மாட்டித் தாங்கோ." மகேஷ்குமார் ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினான்.

உள்ளே மஞ்சள் நிறத்தில் நாலு எஞ்சின் மவுண்டிங், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள். ரேஸ் ஓட்டுகிறவர்கள் போடுவது, துபாயிலிருந்து வரவழைத்தது. ராபின்சன் நகத்தால் அழுத்திப் பார்த்தான். பதியவே இல்லை.

"கல்லு மாதிரி இருக்கே! இது எஞ்சின அசைய விடாது. அதுக்க நடுக்கம் மொத்தமும் பாடிக்கு வரும். சீட்டு, ஸ்டியரிங், கதவு எல்லாம் கெடந்து ஆடும்."

"ஆடட்டும். அதுக்குத்தான் வாங்கினேன்."

"என்னத்துக்கு?"

மகேஷ் ஏதோ சொல்ல வந்தான். காருக்குள் இருந்த மனைவியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அமரவிளை செக்போஸ்ட் பக்கம் ராபின்சன் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பேர் உண்டு. வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, எதிர்க்கடை மோகனனிடம் ஒரு டீ வாங்கி பானெட்டின்மேல் வைப்பான். டீ துளும்பாமல் நின்றால்தான் வண்டி வெளியே போகும். துளும்பினால் மறுபடியும் ஸ்பானரைத் தூக்குவான். கல்ஃபிலிருந்து கப்பலில் வந்த இந்தச் சிவப்பு ரெண்டு சீட்டு கார் அந்தப் பேருக்கே உலை வைக்கும்போல இருந்தது.

மகேஷின் மனைவி சுஜா கல்யாணமாகி பக்கத்து ஊரான கொல்லயிலுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"டீ குடிக்கியா மக்கா?" என்று அன்பாகத்தான் கேட்டான் ராபின்சன். அவள் சிரித்தாள். அவ்வளவுதான்.

"கல்ஃப்காரனுக்க பெண்டாட்டி. நம்மகிட்ட வாயத் தெறக்குமா?" என்றான் மோகனன். "அவனுக்கும் பந்தா ஆக்கும். ரோட்டுல போனா நாலுபேரு திரும்பிப் பாக்கணும். கூட இருக்கிற பிள்ளைக்கு இடுப்பு ஒடிஞ்சா அவனுக்கென்ன?"

மாட்டி முடித்து எஞ்சினை ஓடவிட்டபோது டீ துளும்பவில்லை, கூத்தாடியது. பாதி வழிந்தது. மீதியோடு கிளாஸ் நகர்ந்து நகர்ந்து போய்க் கீழே விழுந்து உடைந்தது. மோகனன் தலையில் அடித்துக்கொண்டான்.

மகேஷ் சிரித்தான். "கொள்ளாம் அண்ணே, நல்லாருக்கு!"

ராபின்சன் காருக்குள் பார்த்தான். சுஜா இரண்டு உள்ளங்கையையும் டேஷ்போர்டில் விரித்து வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். கண்ணாடிமேல் அயனி மரத்து நிழல் அசைந்துகொண்டிருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அவளோ நெய்யாற்றில் தோணி ஏறி எங்கேயோ போய்க்கொண்டிருப்பவள்போல இருந்தாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

ராபின்சன் மகேஷ் பக்கம் திரும்பினான். தாங்கமுடியாமல் அழுகிறாள், வாய்விட்டுச் சொல்லவும் பயப்படுகிறாள், பாவம்!

"சாரே, வீட்டம்மாவுக்கு இது ஒத்துக்கல்ல போலுண்டு."

"அவளுக்குப் பிடிச்சதாக்கும் அண்ணே."

எல்லாப் புருஷன்மாரும் சொல்வதுதானே! ராபின்சன் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டான்.

"நட்டு எல்லாம் ஒருக்கா இறுக்கிப் பாக்கணும். வண்டி இங்க கெடக்கட்டும். காலையில நானே வீட்டுக்குக் கொண்டு வாறேன்."

அவர்கள் பஸ் ஏறியதும் பழைய லாரி டயர் ஒன்றை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டினான். ஒவ்வொரு மவுண்டிங்குக்கும் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மெத்தை மாதிரி சொருகி முடுக்கினான்.

"சொல்லாம செய்யுகியே, அவன் சண்டைக்கு வரமாட்டானா லே?" என்றான் மோகனன்.

"வரட்டும். அந்தப் பிள்ளைக்க கண்ணீரப் பாத்துக்கிட்டு எனக்கு இருக்க முடியாது. நீ டீய எடு."

டீ ஆடாமல் அசையாமல் நின்றது. ராபின்சன் அதை எடுத்து, ரசித்து, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

மறுநாள் காலை கொல்லயிலுக்குப் போகும்போது பனி கலையவில்லை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்புகள் மிதந்துகொண்டிருந்தன. வயலில் வெள்ளையாக நின்றது கொக்கா, பனியா என்று தெரியவில்லை. ஸ்டியரிங்கில் ஒரு துடிப்பு இல்லை. கார் ஓடுகிறதா, நான்தான் கனவு காண்கிறேனா என்று ராபின்சனுக்கே சந்தேகம் வந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல வேலை செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டான்.

வண்டியைக் கண்டதும் சுஜா செருப்புகூடப் போடாமல் முற்றத்துக்கு ஓடி வந்தாள். பக்கத்து சீட்டில் ஏறி, நேற்றுப்போலவே இரண்டு உள்ளங்கையையும் டேஷ்போர்டில் வைத்துக் கண்ணை மூடினாள். பின்னாலேயே மகேஷும் வந்து நின்றான்.

ராபின்சன் எஞ்சினை அணைக்கவில்லை. இப்போது சிரிப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கையை எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணைத் திறந்து, சாவியைத் திருகுவதுபோல விரலைத் திருகி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லி ராபின்சனுக்குச் சைகை காட்டினாள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு மக்கா! சத்தம் கேக்கல்லியா?"

மகேஷ் குனிந்து, மனைவியின் தோளில் மெல்லக் கைவைத்தான்.

"எனக்குக் கேக்குது அண்ணே. அவளுக்கு அதிர்ந்தாத்தான் கேக்கும்."