மேடை மணியும் மந்திரித்த பட்டையும்

கத்தோலிக்கச் சகோதர சபை ஒன்றின் மாநில மாநாட்டு மேடையில் ஒரு வெண்கலக் கைமணி இருந்தது. கிளைச் சபைகளிலிருந்து வந்தவன் எவனாவது எழுந்து கேள்வி கேட்டால், தலைவர் அதை ஆட்டுவார், கேள்வி அடங்கிவிடும். பிறர் வாயை அடைப்பதே பிழைப்பாகிவிட்டதே என்று குமைந்துகொண்டிருந்த மணிக்கு அன்று தலைகால் புரியவில்லை. "இனி இந்த மணியை ஆட்டவே மாட்டேன்" என்று சொல்லித் தலைவர் தேர்தலில் ஜெயித்த சூசைமாணிக்கம் பதவியேற்க வந்திருந்தார்.

"ரொம்பத் துள்ளாதே தம்பி" என்றது தலைவர் தோளில் அணியும் சிவப்புப் பட்டுப் பட்டை. ஆயர் ஜெபித்து மந்திரித்தது என்பதால் அதை யாரும் துவைத்ததே இல்லை. முதல் தலைவர் ராயப்பரின் வேர்வை இன்னும் அதில் ஈரமாகவே இருந்தது.

"உங்க ராயப்பர் கல்லறைக்குப் போய் எத்தனை காலமாச்சு!" என்றது மணி.

"அவரா? அவர் எங்கேயும் போகலையே."

பட்டை சூசைமாணிக்கத்தின் தோளில் ஏறியது. அவர் கழுத்து ராயப்பருடையதைப் போலவே மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. ராயப்பரின் இருமலை அவர் இருமினார்.

கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான். "தலைவரே, ஒரு கேள்வி."

மணியின் பிடியைச் சூசைமாணிக்கத்தின் ஐந்து விரல்கள் பற்றின. மணிக்குப் பழக்கமான பிடி அது. விரல்கள் மட்டும் மண்ணுக்கடியில் கிடந்தவை போலக் குளிர்ந்திருந்தன.

"ஆடு தம்பி" என்றது பட்டை.