பின்சீட்டுத் துடுப்பு

“முன்னாடி நீ உட்காரு. பின்னாடி நான்தான்.”

ஏரிக்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பெயிண்டர் அடம்பிடித்தார். அவர் மனைவி மறுபேச்சுப் பேசாமல் கயாக் படகின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்கிறவள் இப்படிச் சட்டென்று பணிந்துபோனது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. சொல்ல இன்னும் நாலு வாதம் தயாராக வைத்திருந்தார்.

இரண்டு பேர் போகும் கயாக்கில் பின்னால் இருப்பவருக்குத்தான் வேலை அதிகம். படகைத் திருப்புவதும் அவர்தான், பலம் போட்டுத் தள்ளுவதும் அவர்தான். கல்யாணமானதிலிருந்து அந்தச் சீட்டு பெயிண்டருடையது.

ஆனால் அதெல்லாம் ஏணி வழுக்குவதற்கு முன்பு.

யார் வீட்டு மாடிச் சுவருக்கோ இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தார். வலது தோளுக்குள் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். சனிக்கிழமை விடிந்தால் கயாக்கைக் கார் மேல் கட்டிக்கொண்டு, கூடாரத்தைப் பின்னால் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுகிற ஜோடி, மாதக்கணக்கில் வீட்டோடு முடங்கியது. வாசலில் கவிழ்ந்து கிடந்த கயாக்கின் மேல் துணி காய்ந்தது.

சும்மாதானே கிடக்கிறது, எனக்குக் கொடுத்துவிடுங்களேன் என்று மச்சினன் கேட்டுவிட்டான்.

அவன் நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். பெயிண்டருக்குத்தான் சுருக்கென்று தைத்தது. வீறாப்பாக வாயை விட்டார். இந்த வாரம் ஏரிக்குப் போகிறோம், அக்கரை சேரும்வரை துடுப்பைக் கீழே வைக்கமாட்டேன், வைத்தால் அன்றைக்கே படகை உன் தம்பி எடுத்துக்கொண்டு போகட்டும் என்று மனைவியிடம் சவால் விட்டார்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைக் கண்டாலே கைநடுங்குகிறவர்களை நடுரோட்டில் வீரர்களாக்குவது அவள் பிழைப்பு. அந்தப் பொறுமையில் பாதியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதா என்பது பெயிண்டரின் வெகுநாள் புகார்.

படகு கிளம்பியது. விர்ரென்று கிளம்பியது.

பெயிண்டருக்கே நம்ப முடியவில்லை. தோளாவது தகடாவது! வலித்தது, ஆனால் படகு அவர் சொன்னபடி கேட்டது. விழுந்த நாளிலிருந்து நிறுத்திவைத்திருந்த விசில் தானாக வாயில் வந்தது. மனைவியின் முதுகைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் தோளுக்குப் பயிற்சி கொடுத்த பெண்ணைப்போலப் பேசிக்காட்டினார். முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஏரியின் நடுவில் தோள் பழி வாங்கியது.

முதலில் எரிச்சல், அப்புறம் கொக்கி போட்டு இழுப்பதுபோல ஒரு வலி, அப்புறம் விரல்களில் உணர்வே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போட்டுப் பார்த்தார். வழக்கமாகக் கூடாரம் போடுகிற மரங்கள் அக்கரையில் இன்னும் குட்டி குட்டியாகவே தெரிந்தன.

படகு போனால் போகட்டும். இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வாரம் முழுக்க அவர் யார் யார் சுவரோடோ மல்லுக்கட்டுகிறார், அவள் யார் யார் கிளட்ச்சோடோ மல்லுக்கட்டுகிறாள். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்காருவது இங்கே மட்டும்தான். அது இல்லாமல் போய்விடுமோ என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

கை அதற்குமேல் கேட்கவில்லை. துடுப்பை மடியில் வைத்துவிட்டார்.

அவ்வளவுதான், இப்போது படகு தொய்யும், அவள் திரும்பிப் பார்ப்பாள், எல்லாம் முடிந்தது என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

படகு தொய்யவில்லை.

காற்று தள்ளுகிறதோ என்று நிமிர்ந்து பார்த்தார். காற்று எதிரிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே தெரிந்த கழுத்து வேர்த்து ஒழுகியது. துடுப்பை எட்டுகிற மட்டும் முன்னால் நீட்டி, இடுப்புவரை வளைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். படகு கோணும்போதெல்லாம் ஒரே பக்கம் இரண்டு தரம் போட்டு நேராக்கினாள். இடையில் மூச்சு வாங்க முதுகு குலுங்கியது.

அவர் துடுப்பு தண்ணீரில் இருந்தபோதும் படகு இதே வேகத்தில்தான் வந்தது. மடியில் இருக்கும்போதும் இதே வேகம்தான்.

பெயிண்டருக்கு முகம் சுட்டது. கரையிலிருந்து விட்ட விசிலெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து மானத்தை வாங்கியது.

பின்னால் துடுப்புச் சத்தம் நின்று எவ்வளவோ நேரமாகிவிட்டது. ஒரே ஒரு தடவை திரும்பினால் போதும், சவாலில் அவள் ஜெயித்துவிடுவாள். அவள் திரும்பவே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் தொண்டையைச் செருமினார். அவள் முந்திக்கொண்டாள்.

“பெயிண்டரே, கொஞ்சம் மெதுவாப் போடுங்க. உங்க வேகத்துக்கு என்னால ஈடுகொடுக்க முடியல.”

பெயிண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை வேண்டுமென்றே கரகரப்பாக்கிக்கொண்டார்.

“சரி சரி, குறைச்சுக்கறேன்.”

பிறகு, துடுப்பை இடது கையில் எடுத்து, அவள் காதில் விழுகிற அளவுக்கு அதன் நுனியால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே வந்தார். அவள் கேட்டுக்கொண்டபடி, மெதுவாக.