பதிமூன்றாம் இதழ்

காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கேசவமூர்த்தி நினைத்தான். டம்ளரை உதட்டருகே கொண்டுபோய்விட்டு, குடிக்காமலே கீழே வைத்தான்.

"என்ன கேசவா, மூஞ்சி ஏன் இப்படி வேர்க்குது? ஃபேன் போடட்டுமா?" என்றான் நண்பன் ஸ்டானிஸ்லாஸ்.

"வேண்டாம்டா. காப்பி சூடு."

"என் வீட்டுக்காரி டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி போட்டது, ஃபிளாஸ்க்ல ஊத்தி வச்சிருந்தேன். நல்லா இருக்கா? சரி, புக் வாங்க வர்ற பெங்களூர்க்காரர் நம்ம தெருவைத் தாண்டிப் போயிட்டாராம். நான் வாசல்ல போய் நிக்கறேன். அவர் வந்ததும் உனக்கு ஒரு சமாச்சாரம் இருக்கு." கண்ணைச் சிமிட்டிவிட்டு வெளியே போனான்.

அந்தக் கண் சிமிட்டல்தான் கேசவமூர்த்தியை அதிகம் பயமுறுத்தியது. ஜெயிக்கப் போகிறவன் சிமிட்டுகிற சிமிட்டல் அது.

மேஜைமேல், பிளாஸ்டிக் உறைக்குள், 'நீலப்பல்லி' காமிக்ஸின் பதிமூன்றாம் இதழ் கிடந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையில் அந்த இதழின் இரண்டு பிரதிகள் ஒரே கட்டுக்குள் கிடைத்தன. ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர்கள் இருவரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். யார் அதிக விலைக்கு விற்கிறானோ, அவனுக்கு மற்றவன் ஒரு வருடம் மசால் தோசை வாங்கித் தர வேண்டும். விளையாட்டுப் பந்தயம், அவ்வளவுதான்.

பழைய காமிக்ஸின் விலை ஒரு விசித்திரமான கணக்கு. கதை நன்றாயிருக்கிறதா, படம் நன்றாயிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. உலகத்தில் இன்னும் எத்தனை பிரதி பிழைத்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். பதிமூன்றாம் இதழ் அச்சான வாரமே குடோனுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. தப்பித்தவை இந்த இரண்டும்தான்.

"ரெண்டு இருந்தா ஒவ்வொண்ணுக்கும் நாப்பதாயிரம் சார்," என்று பெங்களூர்க்காரர் போன வாரம் போனில் கேசவமூர்த்திக்குப் பொறுமையாக விளக்கியிருந்தார். "உலகத்துலயே ஒண்ணுதான்னா மூணு லட்சம். கறை பட்டிருந்தா எடைக்குத்தான் போடணும்."

மூன்று லட்சம். மகள் ஸ்ரீவல்லியின் காது ஆபரேஷனுக்கு அவ்வளவுதான் தேவை. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் டாக்டர் கொடுத்த தேதி போய்விடும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பெண்ணுக்குக் கேட்பது குறையும்.

ஸ்டானிஸ்லாஸிடம் அவன் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. தோசைக்கு மேல் யாரிடமும் எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவன் கேசவமூர்த்தி. இன்று செய்ய வந்திருப்பதையோ மனைவி ஸத்யபாமாவிடம்கூடச் சொல்லவில்லை.

இன்னும் பத்து நிமிடத்தில் ஸ்டானி தன் பிரதியை விற்றுவிடுவான். அதன்பின் கேசவமூர்த்தியின் பிரதி எப்போதும் இரண்டில் ஒன்றுதான். ஆனால் மேஜைமேல் கிடக்கும் இது வீணாகிவிட்டால்?

உறையைப் பிரித்தான். உள்ளிருந்து ஒரு கிராம்பு உருண்டு வந்தது. ராமபாணப் பூச்சி காகிதத்தை அரிக்காமலிருக்க உறைக்குள் கிராம்பு போட்டு வைப்பது கேசவமூர்த்தியின் சொந்த யோசனை. 'இதையும் என்கிட்டேர்ந்து திருடிட்டான்!' என்று சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபம் அந்த நேரத்துக்கு உதவியாக இருந்தது.

நடுப்பக்கத்தை விரித்தான். ஆறிய காப்பியானால் வழவழப்பான அட்டையில் திவலையாக நிற்கும், துடைத்துவிடலாம். சூடான பால் காப்பி அப்படியில்லை. உள்ளே இருக்கும் மலிவுக் காகிதம் அதை ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொள்ளும். மை கரையும், பாலின் கொழுப்பு ஊறி எண்ணெய்க் கறையாகத் தங்கிவிடும். இதையெல்லாம் அவன் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தான்.

வாசலில் கார் கதவு அறைந்து சாத்தப்பட்டது. "ஹௌது சார், இதே மனெ!" என்று ஸ்டானிஸ்லாஸ் கன்னடத்தில் வீட்டை அடையாளம் காட்டுவது கேட்டது. செருப்புச் சத்தம் நெருங்கியது.

கண்ணை மூடிக்கொண்டு டம்ளரைச் சாய்த்தான்.

கண்ணைத் திறந்தபோது பெங்களூர்க்காரரோடு ஸ்டானிஸ்லாஸ் எதிரே நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"கை நடுங்கிடுச்சு ஸ்டானி. வேணும்னு பண்ணலடா." ஒத்திகை பார்த்திருந்த வசனம்தான், ஆனால் குரல் நிஜமாகவே உடைந்தது. "உனக்கு இவ்வளவு பெரிய நஷ்டம் பண்ணிட்டேனே…"

"எனக்கா?" ஸ்டானிஸ்லாஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "வல்லி ஆபரேஷன் பத்தி பாமா எல்லாம் சொன்னா. பணமா குடுத்தா நீ தொட மாட்டே. அதான், நேத்து சாயங்காலம் இவர் வீடியோ கால்ல பாக்கப் பாக்க என் புத்தகத்தைக் கொளுத்திட்டேன். நானும் பாமாவும் சேர்ந்து உனக்கு ஒரு சர்ப்ரைஸ்னு…"

மேஜையில் தேங்கியிருந்த காப்பியில் கிராம்பு மிதந்துகொண்டிருந்தது.

"இது உன் பீரோவுலேர்ந்து பாமா எடுத்துக் குடுத்ததுடா, கேசவா."