எந்த செக்‌ஷன்?

"எண்பது பக்கத்துல முப்பத்தொரு பக்கம் அடிச்சிருக்கீங்க. எந்த செக்‌ஷன்ல சார்?"

கேட்டவர் பத்திர எழுத்தர் விருசபதாசன். மேஜைமேல் அவர் எழுதிய நாடகம், 'தாலுகா ஆபீஸ் தருமலிங்கம்'. உள்ளே எங்கு திருப்பினாலும் சிவப்புப் பென்சில் கோடு.

சப்-இன்ஸ்பெக்டர் குலாம் ரசூல் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அடிச்சதை விட்டுட்டு மீதியைப் போடுங்க. பர்மிஷன் ரெடி."

"செக்‌ஷனைச் சொல்லுங்க. இருபது வருஷமா ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல குந்தி எழுதறவன் நான். சட்டம் எனக்கும் கொஞ்சம் தெரியும்."

"செக்‌ஷனெல்லாம் சொல்றதுக்கில்லீங்க. அடிச்சதுல ஒரு வரி மேடையில வந்தாலும் திரையை இறக்கிடுவேன். அவ்வளவுதான்."

அது 1983. நாடகம் போடுகிறவர்கள் எழுதியதை ஸ்டேஷனில் கொடுத்து அனுமதி வாங்கிய காலம். சனிக்கிழமை நாடகம். நோட்டீஸ் அடித்து தேரடி வீதி முழுக்க ஒட்டியாகிவிட்டது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. விருசபதாசனின் முந்தைய நாடகங்கள் இரண்டும் ஒரே நாளோடு படுத்துவிட்டன. "இதுவும் படுத்துதுன்னா குழுவைக் கலைச்சிடலாம்ணே" என்று அப்பு சொல்லியிருந்தான். அப்புதான் கதாநாயகன். மற்ற நேரத்தில் சைக்கிள் கடை.

ஸ்டேஷன் வாசலில் காத்திருந்த அப்புவைக் கண்டதும் விருசபதாசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "பார்த்தியா அப்பு? லஞ்சத்தைப் பத்தி எழுதினதும் கவர்மென்டுக்கே நடுக்கம் வந்துடுச்சு."

அப்பு பக்கங்களைப் புரட்டினான். "லஞ்ச சீனைத் தொடவே இல்லியேண்ணே. மாமூல் வாங்கற ஏட்டு அப்படியே இருக்கான். நான் சாகற சீன்தான் நாலு பக்கம் போயிடுச்சு."

"அதுதான் சூழ்ச்சி" என்றார் விருசபதாசன்.

அந்த மரணக் காட்சி அவருடைய செல்லப் பிள்ளை. தருமலிங்கம் படுக்கையில் கிடந்தபடி, 'கிழக்கே என் கண்ணீர், மேற்கே என் கனவு' என்று பத்திரத்தில் நான்கெல்லை சொல்வதுபோல் ஆரம்பித்து, நாலு பக்கம் பேசிவிட்டுத்தான் சாவான். இப்போது மிஞ்சியது ஒரே வரி: "விளக்கை நிறுத்தும்மா, கண்ணு கூசுது."

வீட்டில் மனைவி சுனந்தா, "நான்கூட அப்பவே சொன்னேனே, நீளம் கொஞ்சம் ஜாஸ்தின்னு" என்றாள். அவளோடு இரண்டு நாள் பேச்சை நிறுத்தினார்.

சனிக்கிழமை. முதல் வரிசையில் குலாம் ரசூல், மடியில் நாடகப் பிரதியோடு. மாமூல் ஏட்டு மேடைக்கு வந்ததும் ஜனங்கள் சிரிக்கப் பயந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவரே முதலில் சிரித்தார். அப்புறம் கொட்டகையே அதிர்ந்தது.

தருமலிங்கம் விளக்கை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான். பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்டது. ஓரமாக நின்றிருந்த சுனந்தாகூடத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

போளூர், ஆரணி, செங்கம் என்று பதினோரு முறை நடந்தது நாடகம். ஊரில் பாராட்டு விழா வைத்தார்கள்.

விருசபதாசன் மைக்கைப் பிடித்தார். "பேனாவுக்கு விலங்கு மாட்டினார்கள். அவர்கள் வெட்டியது முப்பத்தொரு பக்கமல்ல, என் ரத்தம். கலை தெரியாத காக்கிச் சட்டைக்குக் கத்தரிக்கோல் ஒரு கேடா?"

கைதட்டல் அடங்க நேரமானது. வாசலில் பந்தோபஸ்துக்கு நின்ற குலாம் ரசூலும் தட்டினார்.

நாலு மாதம் கழித்து அவருக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. விருசபதாசன் ஸ்டேஷனுக்குப் போனார். கையில், அவர்மேல் மேலதிகாரிக்கு அனுப்பப் பிழையில்லாமல் எழுதிய ஆறு பக்கப் புகார் மனு.

"போறதுக்கு முன்னாடியாவது சொல்லுங்க சார். எந்த செக்‌ஷன்?"

குலாம் ரசூல் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "செக்‌ஷனே கிடையாதுங்க. சட்டப்படி உங்க நாடகத்துல ஒரு வரி தப்பில்ல."

"அப்புறம்?"

"உங்க மொத ரெண்டு நாடகத்துக்கும் நான்தான் பந்தோபஸ்து. மனுஷன் நல்லாத்தான் எழுதறாரு, ஆனா ஜனங்க பாதியில எழுந்து போறாங்களேன்னு மனசு கேக்கல. மூணாவதைப் படிச்சேன். எனக்குக் கொட்டாவி வந்த எடத்துலல்லாம் கோடு போட்டேன்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"போர் அடிக்குதுன்னு சொல்லியிருந்தா ஒரு வரி வெட்டியிருப்பீங்களா?"

விருசபதாசனுக்கு சுனந்தாவின் ஞாபகம் வந்தது.

"நான் பண்ணது தப்புதான்" என்றார் குலாம் ரசூல். "மனுவைக் குடுங்க. கேஸ் போட்டீங்கன்னா நீங்கதான் ஜெயிப்பீங்க."

விருசபதாசன் மனுவை நாலாக மடித்து ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார். "வேலூர்ல வீடு பார்த்தாச்சா?" என்று கேட்டார்.

அடுத்த நாடகம் நூற்றுப்பத்துப் பக்கம். புதிதாக வந்த எஸ்.ஐ. அட்டையைக்கூடத் திருப்பவில்லை. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, மறுநாளே அனுப்பிவிட்டார்.

அப்பு சைக்கிளில் பறந்து வந்தான். "ஒரு கோடுகூட இல்லண்ணே. ஜெயிச்சுட்டோம். நூத்திப்பத்து பக்கத்தையும் அப்படியே போடலாம்."

விருசபதாசன் முகத்தில் ஈயாடவில்லை.

"நோட்டீஸ் அடிக்கறதை நிறுத்தி வை" என்றார். "வேலூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"