நகர அரங்கின் எதிரொலி

இடித்துத் தள்ளப்பட்ட நகர அரங்கின் சுவர்களையும் கூரையையும் கணினியில் எண்களாக எழுப்பி, அங்கே ஒரு குரல் எப்படி எதிரொலித்திருக்கும் என்று கணக்கிட்டிருந்தான் நெடுமாறன். பல வருடம் அங்கே கச்சேரி செய்த சௌந்தரவல்லி அத்தையின் காதில் ஹெட்போனை மாட்டி, மைக்கைக் கொடுத்தான். ஒரு வரி பாடியதும் அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் நிறுத்திவிட்டாள்.

“அதே எடம்தான்டா. ஆனா ஜனங்க வர்றதுக்கு முன்னாடி பாடிப் பாக்கற மாதிரி இருக்கு.”

அவனுக்குப் புரிந்தது. உட்கார்ந்திருப்பவர்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அவன் வெறும் நாற்காலிகளைத்தான் கணக்கில் சேர்த்திருந்தான்.

“எல்லாத்துலயும் ஆள உக்கார வச்சுடறேன் அத்தை.”

அத்தை ஹெட்போனைக் கழற்றவில்லை.

“முன் வரிசையில ஓரமா ஒண்ணு மட்டும் காலியா விடு. உங்க மாமா இருந்த வரைக்கும் ஒரு கச்சேரிக்கும் நேரத்துக்கு வந்ததில்ல.”