இலையை மடிக்கும் முன்

பிடிபட்ட வீரர்களுக்குப் பொங்கல் விருந்து வைத்ததாகக் காட்டி எதிரி நாடு அனுப்பிய படத்தை அதிகாரி ஓடவிட்டார். அவர்கள் ரகசியமாகச் சாடை ஏதும் காட்டுகிறார்களா என்று பார்க்கத்தான் வீட்டாரை வரவழைத்திருந்தார்கள். கண் சிமிட்டலையும் விரல் தட்டலையும் நிபுணர்கள் அலசியும் ஒன்றும் தேறவில்லை.

வாழையிலை முன்னால் கணவனைக் கண்டதும் செண்பகவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் பேச்சியம்மாள் திரையின் ஓரங்களையே துழாவிக்கொண்டிருந்தாள். அவள் மகன் தங்கராசு பந்தியில் இல்லை.

"அவன் பரிமாறிக்கிட்டு இருப்பான், தாயி. எந்தக் கல்யாணத்துல அவன் முதப் பந்தியில உக்காந்திருக்கான்?" என்றாள் பேச்சியம்மாள்.

சாப்பிட்டு முடித்த செண்பகவல்லியின் கணவன் கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சாவு வீட்டில் மடிப்பதுபோல் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தான். அடுத்தவனும் அப்படியே மடித்தான். வரிசை முழுக்க அப்படியே மடித்தது.

"ஏதாவது புரிஞ்சுதாம்மா?" என்றார் அதிகாரி.

பேச்சியம்மாள் செண்பகவல்லியின் கையைப் பிடித்தாள். "இன்னொருக்கா போடச் சொல்லு, தாயி. கொழம்பு ஊத்துற கையாவது தெரியுதான்னு பாக்கேன்."

"போடுங்க சார்," என்றாள் செண்பகவல்லி. "அவங்க சாப்பிட்டு முடிக்கிறதுக்கு முன்னால நிறுத்திடுங்க."