பினாங்கில் ஒரு காப்பிக் கடை

பினாங்குத் தெருவில் வந்த ஏலக்காய் மணம் மொக்கச்சாமியை அந்தச் சின்னக் காப்பிக் கடைக்குள் இழுத்தது.

"எந்த ஊரு தம்பி?" என்றார் கடைக்காரர் கன்னையன்.

"போடிண்ணே."

"அடடே, நம்மூரு! நான் ஜப்பான்காரன் சண்டைக்கு முந்தியே கப்பலேறினவன். எங்க ஆத்தா பெரியம்மாளத் தெரியுமா? இன்னும் ஏலக்காய் எடுக்கப் போடிமெட்டு மலை ஏறுதா?" என்றபடி கன்னையன் பால் செம்பைச் சாய்த்தார்.

மொக்கச்சாமி தம்ளரைக் கையால் மூடினான். "பால் வேணாம்ணே. கடுங்காப்பி போதும்."

கன்னையன் சிரித்தார். "எழவு வீட்டுலதானப்பா பாலில்லாமக் குடிப்போம்!"

மொக்கச்சாமி தலை நிமிரவில்லை. கன்னையனின் சிரிப்பு நின்றது. செம்பைக் கீழே வைத்தார்.

"தம்பி... எங்க ஆத்தாவா?"

"ஆமாண்ணே, நம்ம ஆத்தாதான். நீங்க தொட்டில்ல விட்டுட்டு வந்த தம்பி நான்."